ஊசி நூல் இல்லாமல் உடுப்பின் ஓட்டையை அடைத்தல்

ஆளுக்கு இரண்டு சோடி உடுப்பு என்ற நிலை ஒரு குடும்பத்துக்கு வரும்போது, கடலையளவு ஓட்டையும் பெரிய விடயமாகிவிடுகிறது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்களும், 2009இல் வன்னியிலிருந்து செட்டிக்குளம் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களும் இதை நன்கு அறிவார்கள். வெள்ளத்துக்குப் பயந்து பாடசாலைக் கட்டடத்தில் வந்து தங்குபவர்களின் நிலையும் இதுவே. ஓட்டைச் சட்டையோடு தோட்டம் கொத்தலாம், யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் பிள்ளை அந்தச் சட்டையோடு பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று நிற்கும். விதானையாரிடம் கடிதம் வாங்கவோ, காணி அலுவலாகக் கச்சேரிக்குப் போகவோ பெரியவர்களும் கூசுவார்கள். ஞாயிறு பூசைக்கு வராமல் நிற்பவர்களில் சிலருக்குக் காரணம் பக்தியின்மை அல்ல, உடுப்புத்தான் என்பதையும் நாம் அறிவோம்.

தைத்துவிட்டால் போகிறது என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஊசியும் நூலும் நல்ல கண்பார்வையும் பகல் வெளிச்சமும் இருந்தால் பல ஓட்டைகளுக்குத் தைப்பதே சிறந்தது. ஆனால் பகல் முழுவதும் கூலிக்குப் போய்வந்து இரவில் குப்பி விளக்கு வெளிச்சத்தில் நூல் கோக்க எல்லோராலும் முடிவதில்லை. ரீசேட், பெனியன் போன்ற துணிகளில் ஊசி குத்தினால் குத்திய இடமே புதிய ஓட்டையாவதும் உண்டு. நைந்துபோன பழைய துணியில் தையல் நூல் கத்தி போல் இழைகளை அறுத்துவிடும். இப்படிப்பட்ட இடங்களில் தைக்காமல் ஓட்டையை அடைக்கும் முறைகள் கைகொடுக்கும். இவற்றுக்கு வேண்டிய பொருட்கள் அனேகமாக வீட்டிலேயே கிடக்கின்றன.

ஓட்டை எவ்வளவு சிறிதாக இருக்கும்போது கவனிக்கிறோமோ அவ்வளவு நல்லது. ஒரு ரூபாய்க் குற்றியை விடப் பெரிதாகிவிட்டால் இம்முறைகள் நின்றுபிடிக்கமாட்டா. கமுக்கட்டு, களிசானின் கவட்டுப் பகுதி, பொருத்துத் தையல் ஓடும் இடங்கள் எப்போதும் இழுபடுபவை. அந்த இடங்களுக்கு ஊசியே வேண்டும்.

துணியை அறிதல்

முதலில் துணி எவ்வகையானது என்று பாருங்கள். சாரம், சேர்ட், சீத்தைத் துணி, பாடசாலைச் சீருடை என்பன நெய்யப்பட்டவை. அவற்றில் நெடுக்காகவும் குறுக்காகவும் நூல்கள் ஒன்றையொன்று கடந்து ஓடுகின்றன. ஒரு நூல் அறுந்தாலும் பக்கத்து நூல்கள் தாங்கிப் பிடிக்கும். ரீசேட்டும் பெனியனும் பின்னப்பட்டவை. ஒரே நூல் வளையம் வளையமாகக் கோத்துச் செல்கிறது. அதில் ஒரு வளையம் அறுந்தால் அடுத்த வளையமும் கழன்று, ஓட்டை ஏணிபோல் கீழே ஓடும். துணியைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நன்றாக நீண்டு சுருங்கினால் அது பின்னல் துணி. பின்னல் துணியின் ஓட்டையை நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது.

அடுத்து, அது பருத்தியா, பொலியெஸ்டரா என்று அறிய வேண்டும். உள்மடிப்பிலிருந்து இரண்டு இழைகளை உருவி, குறட்டால் அல்லது குண்டூசியால் பிடித்து விளக்கில் காட்டுங்கள். பருத்தி கடதாசி போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பொலியெஸ்டரும் நைலோனும் உருகிச் சுருங்கி, ஆறியபின் கடினமான மணிபோல் உருண்டுவிடும். கலப்புத் துணியில் இரண்டும் காணப்படும்: சாம்பலும் இருக்கும், கையில் நெருடும் சிறு மணியும் இருக்கும். எவ்வளவு சூடு காட்டலாம் என்பதை இந்தச் சிறு சோதனை சொல்லிவிடும்.

நூல் அறாத ஓட்டை

எல்லா ஓட்டையும் ஓட்டையல்ல. முள்ளோ கம்பியோ பட்டு இழைகள் விலகி நின்றால் அதுவும் ஓட்டை போலவே தெரியும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஓட்டையின் விளிம்பில் அறுந்த நூல் முனை எதுவும் தெரியாவிட்டால் அந்த இடத்தைத் தண்ணீரால் ஈரமாக்கி, உட்பக்கமாகத் திருப்பி, ஒரு கரண்டியின் முதுகால் நாலு பக்கமிருந்தும் நடுவை நோக்கி மெதுவாகத் தேய்த்து வாருங்கள். விலகிய இழைகள் திரும்பி வரும். பின்பு ஈரத்தோடேயே ஸ்திரிக்கைப் பெட்டியை மேலே வைத்து அழுத்தினால் அவை அப்படியே படிந்துகொள்ளும். ரீசேட்டின் முன்பக்கத்தில், இடுப்புப்பட்டி உரசும் இடத்தில் வரும் ஊசித் துவாரங்களில் சில இப்படியே மறைந்துவிடும். செலவு எதுவும் இல்லை.

பொலித்தீனால் ஒட்டுதல்

நூல் அறுந்திருந்தால் பின்னால் ஒரு ஒட்டுத்துணி வைக்க வேண்டும். அதை ஒட்டுவதற்கு மிக நல்ல பசை எங்கள் வீடுகளில் குப்பையாகக் கிடக்கிறது. அது சீனி, உப்பு, பருப்பு கட்டிவரும் கண்ணாடிபோன்ற பொலித்தீன் பை.

இது கேட்பதற்கு வேடிக்கையாக இருந்தாலும் புதிய விடயமல்ல. நல்ல சேர்ட்டின் கொலர் விறைப்பாக நிற்பது அதனுள் ஒட்டப்பட்டிருக்கும் உட்துணியால். அந்தத் துணியில் சூட்டுக்கு உருகும் பசை சிறு சிறு புள்ளிகளாகப் பூசப்பட்டிருக்கும். சேர்ட் கொலருக்கு அப்பசையாகப் பயன்படுவது பெரும்பாலும் பொலித்தீனே. ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள் இத்துணியைப் பார்த்திருப்பார்கள். பக்கத்தில் தையல்காரர் இருந்தால், கொலருக்கு வெட்டி மிஞ்சிய துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள். அதைவிடச் சுலபம் வேறில்லை: பசைப் புள்ளி உள்ள பக்கத்தை உடுப்பின் உட்புறத்தில் படும்படி வைத்து அழுத்தினால் போதும். அது கிடைக்காவிட்டால் பொலித்தீன் பை.

இம்முறை பலிப்பதற்குக் காரணம் சூட்டின் அளவில் இருக்கிறது. மெல்லிய கண்ணாடிப் பொலித்தீன் ஏறக்குறைய 110 பாகை செல்சியசிலும், சரசரவென்று சத்தமிடும் சொப்பிங் பை ஏறக்குறைய 130 பாகையிலும் உருகும். பொலியெஸ்டர் உருக 250 பாகைக்கு மேல் வேண்டும். பருத்தி உருகுவதே இல்லை. அளவுக்கு மிஞ்சினால் கருகும். ஆகவே துணிக்குச் சேதமில்லாமல் பொலித்தீனை மட்டும் உருக்கி இழைகளுக்குள் இறக்க முடிகிறது. ஸ்திரிக்கைப் பெட்டியில் ஒரு புள்ளி என்பது 110 பாகை, இரண்டு புள்ளி 150, மூன்று புள்ளி 200. எங்களுக்கு வேண்டியது இரண்டு புள்ளி.

உடுப்பைத் தோய்த்து, கஞ்சி போடாமல், நன்றாகக் காயவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஒட்டாது. (வடக்கில் பொருளாதாரத் தடை இருந்த 1990களில் சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்தவர்கள் இருக்கிறார்கள். பனங்களியில் நுரைக்கும் பொருள் ஒன்று இயற்கையாகவே உண்டு. பிசுக்கு நன்றாகப் போகும். ஆனால் அந்த வாசனைக்கு மாடு வந்து சப்பிவிடும் என்று கொடிக்குக் காவல் இருந்த கதையையும் பெரியவர்கள் சொல்வார்கள்.)

ஒட்டுத்துணியை அந்த உடுப்பிலிருந்தே எடுப்பது மேல். சட்டைப்பையின் உட்புறம், மடித்துத் தைத்த கரையின் மிகுதி, நீளக் களிசானின் அடிமடிப்பு என்பவற்றில் ஒரு சிறு துண்டு வெட்டினால் யாருக்கும் தெரியாது. வெயிலில் மங்கிய நிறமும் பொருந்தும். புதுத் துணியை எடுப்பதானால் இரண்டு தடவை தோய்த்துக் காயவிட்டபின் வெட்டுங்கள். தோய்க்காத புதுத் துணியைப் பழைய ஆடைக்கு ஒட்டுப்போட்டால் அது சுருங்கிக் கிழிசலை மேலும் பெரிதாக்கும் என்பது மாற்கு நற்செய்தி 2ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் எடுத்துக்காட்டிய விடயம். அவரது உவமையைக் கேட்ட மக்களுக்கு ஒட்டுப்போட்ட உடுப்பு அன்றாடப் பழக்கமாக இருந்திருக்க வேண்டும்.

ஒட்டுத்துணி ஓட்டையைச் சுற்றி ஒரு விரல் அகலம் கூடுதலாக இருக்கட்டும். சதுரமாக வெட்டாமல் வட்டமாக வெட்டுங்கள்; மூலை இருந்தால் அதிலிருந்துதான் கழலத் தொடங்கும். ஒட்டுத்துணியின் நூல் ஓடும் திசையும் உடுப்பின் நூல் ஓடும் திசையும் ஒன்றாக வேண்டும். பின்னல் துணிக்குப் பின்னல் துணியே ஒட்டு. நெய்த துணியை ரீசேட்டில் ஒட்டினால் உடம்பு அசையும்போது ஒன்று நீளும், மற்றது நீளாது.

இனிச் செய்முறை. உடுப்பை உட்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, மேசையிலோ பலகையிலோ மடித்த துணிமேல் விரியுங்கள். ஓட்டையின் அடியில் ஒரு வழுக்கும் தாளை வையுங்கள். பிள்ளைகளின் கொப்பிக்கு ஒட்டும் பெயர்ச் சீட்டைக் கழற்றியபின் மிஞ்சுகிற முதுகுத்தாள் இதற்கு மிக நல்லது, உருகிய பொலித்தீன் அதில் ஒட்டாது. அது இல்லையென்றால் எழுதாத வெள்ளைத்தாள் வைக்கலாம். ஒட்டிக்கொண்டால் பிறகு நனைத்து உரசி எடுத்துவிடலாம். பத்திரிகைத்தாள் வேண்டாம், மை இறங்கும். அறுந்த நூல் முனைகளை வெட்டி எறியாமல் ஓட்டையின் நடுவை நோக்கி ஒதுக்கி, விளிம்புகள் ஒன்றையொன்று தொடும்படி நெருக்குங்கள். அவை நிற்க மறுத்தால் துளி சோற்றுக்கஞ்சி தொட்டு ஒதுக்கிக் காயவிடலாம். அதன்மேல் பொலித்தீன் துண்டு. அது ஒட்டுத்துணியை விடச் சற்றுச் சிறிதாக இருக்க வேண்டும், இல்லையேல் ஓரத்தால் வழிந்து ஸ்திரிக்கைப் பெட்டியில் பிடிக்கும். சீனிப்பை தடிப்பானால் ஒரு மடி, மெல்லிய சொப்பிங் பையானால் இரண்டு மடி. அதன்மேல் ஒட்டுத்துணி. அதன்மேல் இன்னொரு தாள்.

இப்போது சூடான பெட்டியை மேலே வைத்து, தேய்க்காமல், பத்து எண்ணும்வரை அழுத்துங்கள். தேய்த்தால் எல்லாம் இடம் மாறிவிடும். பெட்டியை எடுத்தபின் கை வைக்காமல் ஆறவிடுங்கள். பொலித்தீன் ஆறி இறுகும்போதுதான் பிடிக்கிறது. சூட்டோடு இழுத்துப் பார்ப்பவர்கள் பிடிக்கவில்லை என்று ஏமாறுவார்கள். ஆறியபின் ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பாருங்கள். கிளம்பினால் இன்னும் ஒரு பத்து.

மின்சாரம் இல்லாதவர்கள் சிரட்டைக்கரிப் பெட்டியைப் பாவிக்கலாம். அதுவும் இல்லையென்றால் அடி தட்டையான, தடிப்பான சில்வர் கோப்பைக்குள் தணல் போட்டுக் குறட்டால் பிடித்து அழுத்தலாம். கொதிநீர் ஊற்றிய கோப்பை போதாது. தண்ணீர் 100 பாகைக்கு மேல் ஏறுவதில்லை, பொலித்தீன் அதற்கு உருகாது. சூடு சரியா என்று பார்க்க அடியில் ஒரு சொட்டு நீர் விடுங்கள். சுர்ரென்று ஓடி மறைய வேண்டும். பின்பு வெள்ளைத்தாளில் வைத்து ஐந்து எண்ணுங்கள். தாள் மஞ்சளாகினால் சூடு அதிகம், சற்று ஆறவிட வேண்டும். அடியில் கரியோ கறளோ இருந்தால் பச்சை வாழையிலையில் இரண்டு தரம் இழுத்துத் துடைத்துவிடுங்கள்.

தணல் வேலையைக் கொட்டிலுக்கு வெளியே செய்யுங்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறோம். கிடுகும் தறப்பாளும் ஒரு பொறிக்குப் பற்றிக்கொள்ளும். அத்துடன், மூடிய இடத்தில் கரித்தணலிலிருந்து மணமும் நிறமும் இல்லாத நச்சு வாயு சேரும். உறங்கும் குழந்தை அதை அறியாது. பொலித்தீன் உருக வேண்டுமேயன்றிப் புகையக்கூடாது. புகை வந்தால் சூடு மிஞ்சிவிட்டது. பிஸ்கற், மிக்சர் வரும் மினுங்கும் பைகளும், மேசைவிரிப்பு, மழையங்கி போன்ற தடித்த பிளாஸ்ரிக்கும் இதற்கு உதவா. அவற்றில் சிலவற்றைச் சூடாக்குவது தீங்கானது.

வெள்ளைச் சீருடை

1993 முதல் பாடசாலைப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் சீருடைத் துணியை இலவசமாக வழங்கத் தொடங்கியது. ஆனால் ஒரு சட்டை ஐந்து நாளும் போட்டுத் தோய்க்கப்பட்டால் ஆண்டு முடியுமுன் எங்காவது ஓட்டை விழும். வெள்ளையில் ஒட்டுத் தெரிந்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள். அதனால் சீருடைக்குச் சற்றுக் கூடுதலாக மினக்கெட வேண்டும்.

மேலே சொன்னபடி ஒட்டியபின் உடுப்பை நல்ல பக்கம் திருப்புங்கள். ஓட்டை இருந்த இடத்தில் சிறு பள்ளம்போல் பொலித்தீன் மினுங்கும். உட்கரையிலுள்ள அதே துணியைச் சவர அலகால் அல்லது கத்தியால் மெதுவாகச் சுரண்டினால் பஞ்சுபோல் தும்பு வரும். அத்தும்பைப் பள்ளத்தில் வைத்து நிரப்பி, வழுக்குத் தாளை மேலே போட்டு ஐந்து எண்ணி அழுத்துங்கள். அடியிலுள்ள பொலித்தீன் மீண்டும் இளகித் தும்பைப் பிடித்துக்கொள்ளும். மினுக்கம் மறைந்து, இரண்டு முழத்துக்கு அப்பால் நிற்பவருக்கு ஓட்டை இருந்த இடமே தெரியாது. வகுப்பறையில் அது போதும்.

இப்படி ஒட்டிய வெள்ளை உடுப்பை அவிக்கக்கூடாது. பானையில் போட்டு அவித்து வெளுக்கும் பழக்கம் உள்ள வீடுகளில் இதை மறந்துவிடுகிறார்கள். கொதிநீரில் பொலித்தீன் இளகி ஒட்டு நழுவும். கல்லில் அடிக்காமல் கையால் கசக்கித் தோய்ப்பது நல்லது. மினுக்கும்போது அந்த இடத்துக்குத் தாள் வைத்தே மினுக்க வேண்டும்.

சொலூசனும் மற்றப் பசைகளும்

சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப்போடும் சொலூசன் என்பது கரைப்பானில் கரைத்த இறப்பர். தடித்த துணிகளுக்கு இது நல்லது: தோட்டத்துக்குப் போடும் ஜீன்ஸ், பள்ளிக்கூடப் பை, குடை. இரண்டு பக்கமும் மெல்லியதாகப் பூசி, உடனே ஒட்டாமல், விரலில் பிசுபிசுக்கும் அளவுக்குக் காயவிட்டு, பின்பு பொருத்தித் தட்டுங்கள். ரியூப் ஒட்டத் தெரிந்தவருக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. ஈரத்தோடு ஒட்டினால் துணியில் ஊறி மறுபக்கம் கறையாகும். மெல்லிய, வெளிர் நிறத் துணிகளுக்கு இது ஆகாது. சொலூசன் போட்ட இடத்தில் சூடு காட்டக்கூடாது; மண்ணெண்ணெய் பட்டாலும் கழரும். விளக்குக்குக் கிட்ட திறக்காதீர்கள், எளிதில் தீப்பிடிக்கும். பிள்ளைகள் மணக்காதபடி மேலே வையுங்கள்.

கடதாசிக்கும் பலகைக்கும் ஒட்டும் சாதாரண வெள்ளைப் பசை, கோதுமை மாப்பசை, விளாம்பிசின் என்பன தண்ணீரில் இளகுபவை. ஒரு தோய்ச்சலோடு போய்விடும். கஞ்சியும் மாப்பசையும் துணியில் இருந்தால் கரப்பானும் இரட்டைவாலனும் தேடி வந்து தின்று புதிய ஓட்டைகளைப் போடும். ஆகவே பெட்டியில் மடித்து வைக்கும் உடுப்புக்கும் கஞ்சி போடாமல் வைப்பதே நல்லது.

சுப்பர் குளூ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு சொட்டில் ஒட்டுகிறதே என்று பலர் இதை நாடுகிறார்கள். பருத்தித் துணியில் அது படும்போது திடீரென்று சூடாகித் தோலைச் சுடக்கூடும். புகையும் வரலாம். ஒட்டிய இடமும் கண்ணாடிபோல் விறைத்து, ஓரத்தால் முறிந்து ஓட்டை பெரிதாகும். போட்டிருக்கும் உடுப்பில் ஒருபோதும் ஊற்றாதீர்கள்.

பற்றரி அசிட் பட்ட துணி

விவசாயிகளின் உடுப்பில் வரும் ஓட்டைகளில் ஒரு வகை மட்டும் ஒட்டுக்குக் கட்டுப்படாது. உழவு இயந்திரத்தின் பற்றரியைத் தூக்கி வைப்பவரின் சாரத்தில் அன்று ஒன்றும் தெரியாது. தோய்த்துக் காயப்போட்டபின் சல்லடைபோல் ஓட்டைகள் தெரியும். அசிட்டின் தண்ணீர் காயக் காய அது கடுமையாகிப் பருத்தி இழைகளை அரித்துவிடுகிறது. ஓட்டையைச் சுற்றி நல்லதாகத் தெரியும் துணியும் உண்மையில் செத்துப்போன துணி. அதில் எதை ஒட்டினாலும் ஒட்டோடு சேர்ந்து பிய்ந்து வரும்.

அசிட் பட்டது தெரிந்த உடனே உடுப்பைக் கழற்றி நிறைய நீரில் அலசுங்கள். பின்பு அப்பச்சோடா கரைத்த நீரில் ஊறவைத்து மீண்டும் அலசுங்கள். அப்பச்சோடா இல்லாவிட்டால் அடுப்புச் சாம்பலைக் கரைத்துத் தெளியவைத்த நீர் உதவும்; சாம்பலில் உள்ள காரம் அசிட்டை முறிக்கும். ஓட்டை விழுந்தபின் செய்தாலும் பலன் உண்டு, மேலும் பரவாது. அதன்பின் ஓட்டையைச் சுற்றி இரு கைகளாலும் இழுத்துப் பார்த்து, பிய்யாத துணி எங்கே தொடங்குகிறதோ அங்கிருந்து அளந்து ஒட்டுத்துணியை வெட்டுங்கள்.

பூச்சிமருந்து அடிக்கும்போது போட்ட உடுப்பிலிருந்து ஒட்டுத்துணி வெட்டி வேறு எந்த உடுப்புக்கும் வைக்க வேண்டாம். பிள்ளைகளுடையதற்கு அறவே வேண்டாம்.

நுளம்பு வலை

இது உடுப்பல்லாவிட்டாலும் கேட்பவர்கள் பலர். இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டதாக 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆனால் டெங்கு இருக்கிறது. டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. பகலில் தூங்கும் குழந்தைக்கு ஓட்டையில்லாத வலை வேண்டும். வலைக்குச் சூடு காட்டினால் சுருங்கிவிடும், பொலித்தீன் முறை ஆகாது. சிறிய ஓட்டையின் விளிம்புகளை ஒன்றுசேர்த்துக் குடுமிபோல் பிடித்து, அடியில் நூலால் இறுக்கிக் கட்டிவிடுங்கள். அழகில்லை, ஆனால் நுளம்பு போகாது.

ஒட்டு கழன்றால்

பொலித்தீனால் போட்ட ஒட்டின் ஓரம் சில மாதங்களில் கிளம்பத் தொடங்கலாம். அதைப் பிய்த்து எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. பொலித்தீன் எத்தனை தரமும் உருகி இறுகும். உடுப்பைத் தோய்த்துக் காயவைத்து, கிளம்பிய ஓரத்தைப் படியவைத்து, தாளை மேலே போட்டு மீண்டும் பத்து எண்ணும்வரை அழுத்துங்கள். ஓரத்தில் தூசியும் தும்பும் ஏறிப் பிடிக்காமல் போயிருந்தால் மட்டும், அந்த இடத்துக்கு நகக்கண் அளவு புதுப் பொலித்தீன் துண்டு ஒன்றைச் செருகிக்கொள்ளலாம்.